கண்ணாடியில் அசையும் தோள்

பிப்ரவரி 3

என் அன்பு வாயாடிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அலாரக் கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்த்தேன். டிக் டிக். வலது காதுக்கு மாற்றினேன். ஒன்றுமில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று முள்ளைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பயப்படாதே. மில்லில் வருடாவருடம் நடக்கும் காதுச் சோதனையில் போன முறையும் தேறிவிட்டேன். கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே நர்ஸ் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவள் தோள் லேசாக அசையும். நான் கையைத் தூக்கிவிடுவேன். தோற்றால் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். இருபது வருடமாக 'மெஷின் டாக்டர்' என்று பெயரெடுத்தவள், பைல் அடுக்கவா போவேன்?

இவருக்குத் தெரியாது. "டிவியை ஏன் இப்படி அலறவிடுற?" என்று கேட்டதோடு சரி.

உன் அக்கா

பிப்ரவரி 11

அக்கா,

தினமும் பத்துப் பேருக்குக் காதுச் சோதனைக்காக ஹெட்போன் மாட்டிவிடும் என்னிடமே இதை எழுத உனக்கு எவ்வளவு தைரியம்? என் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்ல, வலது காதடைப்பானைத்தானே கழற்றிக் கழற்றிக் கேட்பாய்? அந்தக் காதுதான் போயிருக்கிறது. இனியாவது கேள். அடைப்பானை நன்றாக உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகு. ஷிஃப்ட் முடியும்வரை எடுக்காதே. காது குடையும் கொண்டை ஊசியைத் தூக்கிப் போடு. காய்ச்சிய எண்ணெய் விடாதே. வீட்டுக்கு வந்ததும் டிவி போடாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

முதலில் போவது மெல்லிய, கூர்மையான சத்தம். போனதே போனவருக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

உன் வாயாடி

பிப்ரவரி 19

வாயாடிக்கு,

நீ பயந்தது நடந்துவிட்டது. நேற்று முன்தினம், என்னோடு வேலை செய்யும் நெட்டை ஓடி வந்தாள்.

"அக்கா, ஏழாம் நம்பர் மெஷின் 'கிய்ங்'னு அழுவுது. நிறுத்தட்டுமா?"

வழக்கம்போல் வலது காதைத் திறந்து, குனிந்து கேட்டேன்.

"அழுதா தூக்கி இடுப்புல வச்சுக்கோ. நல்லாத்தான் ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போனாள். பத்து நிமிடத்தில் பேரிங் எரிந்து, பஞ்சுத் தூசியில் பொறி பட்டது. அணைப்பதற்குள் அவளுடைய கை முழங்கை வரை வெந்துவிட்டது.

நேற்று பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்க்கா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மேலதிகாரி, மெஷின் பழசு என்று எழுதிவிட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று முதலில் நடுங்கினேன். இப்போது, யாருமே கேட்காமல் போய்விடுவார்களோ என்று நடுங்குகிறேன்.

நாளை இந்த வருடத்துச் சோதனை. இவரிடமும் சொல்லவில்லை, நெட்டையிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் முடிந்திருக்கும். கண்ணாடி அறைக்குள் போனதும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்காரப் போகிறேன்.

அக்கா