யாரைக் கேட்டு வந்தீங்க?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மறக்காமல் மாத்திரை போடுகிறாளா? நான் நலம். கணுக்காலில் மட்டும் சின்னச் சுளுக்கு.

இந்தச் சதுப்புநிலச் சரணாலயத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பவர்கள் இங்கேயே வாழும் பழங்குடி மக்கள். போன வாரம் பறவைகளைக் கணக்கெடுக்க, ஆபீஸ் அட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனேன். அவர்களுடைய காவல்காரம்மா மறித்தார்.

"யாரைக் கேட்டு வந்தீங்க?"

"ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

"ஆபீஸா முட்டை போட்டிருக்கு? குஞ்சு பறக்கிறவரைக்கும் நாங்களே உள்ள போக மாட்டோம்."

அசடு வழியத் திரும்பியபோதுதான் சேற்றில் வழுக்கினேன். அவரேதான் கைத்தாங்கலாக அறைவரை கொண்டுவந்து விட்டார்.

இன்று அவர்கள் கூட்டத்துக்குப் போய் முறையாகக் கேட்டேன். குஞ்சுகள் பறந்ததும் அவரே என்னோடு வருகிறாராம். கூடுகள் இந்த வருஷம் இரண்டு மடங்காம்!

பூட்ஸ் சத்தம் பறவைகளுக்கு ஆகாதாம். என் பழைய கான்வாஸ் ஷூவை அனுப்புங்கள். நீங்கள் பாதி போட்டு வைத்த குறுக்கெழுத்துப் பக்கத்திலேயே சுற்றி அனுப்புங்கள், மீதியை நான் போடுகிறேன்.

நான் கிளம்பிய அன்று நீங்களும், "யாரைக் கேட்டுப் போறே?" என்றீர்கள். பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

தபால்காரர் வந்துவிட்டார். கணக்கெடுப்பு முடிந்ததும் பத்து நாள் வீட்டுக்கு வரட்டுமா அப்பா? இந்த முறை கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகள்