அவரு சட்டையும் எயார் ரைபிளும்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை ராத்திரி.

இன்னைக்கும் கொரங்கு கூட்டமா எறங்கிருச்சு. எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால போட்டிருந்த போஞ்சிக் கொடியில பாதிக் காய் போச்சு. தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை கிழமைக்கு ரெண்டு நாளுன்னு ஆனதுக்கப்புறம் எங்களுக்குச் சோறு போடுறதே அந்தப் பாத்திதான்.

எம் புருசன் வச்சுட்டுப் போன எயார் ரைபிள் துவக்கைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். குழலை மடக்கிக் குண்டு போட்டு, சத்தம் வரட்டும்னு பழைய தகரத்துல சுட்டேன். ஒன்னும் அசையல. ஒரு தாய்க் கொரங்கு என்னையப் பாத்துக்கிட்டே காயை மென்னுச்சு. பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிற செல்வி அக்கா சிரிக்கிறாங்க.

"பொம்பளைன்னா அதுக பயப்படாதுடி. ஒம் புருசன் சட்டையப் போட்டுக்கிட்டுப் போ."

கோவத்துல போட்டேன். அவரோட நீலச் சட்டை, தலையில அவரு தொப்பி. துவக்கைத் தோள்ல வச்சேன், அவ்வளவுதான். சுடவே இல்ல, எல்லாம் காட்டுக்குள்ள பாஞ்சிருச்சு.

அப்பத்தான் ஸ்கூல் விட்டு வந்த எம்மக தர்ஷினி, என் முதுகைப் பாத்துட்டு "அப்பா!"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தா. நான் திரும்புனேன். அப்படியே நின்னுட்டா.

கொழும்புக்கு வேலைக்குப் போன மனுசன் தீபாவளிக்கும் வரல, போனும் எடுக்கல. வந்துருவாருன்னு நாந்தான் அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்.

அழுவான்னு நெனச்சேன். அழல. சட்டையைக் கழட்டிக் கொடியில போட்டுட்டு அடுப்பு வேலையப் பாத்தேன்.

இப்பதான் கவனிச்சேன். அவ அந்தச் சட்டைய மடிச்சு, துவக்குக்குப் பக்கத்துல வச்சுட்டுத் தூங்கியிருக்கா. காலையில கொரங்கு வந்தா நான் தேடக்கூடாதுன்னு.