சமையல் மேடைப் பக்கம் கேட்ட குரல்

ரிக்மோர்,

வினிகரில் ஊறிய மீன் ஃபிரிட்ஜில் இருக்கிறது, கறுப்பு ரொட்டி துணிக்குள். ஆம்ப்ளிஃபயரை அணைக்கவில்லை. வந்ததும் உங்கள் பாடகர் குழுவின் பதிவைப் போட்டுக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை "உன் காதுலதான் கோளாறு"ன்னு கத்தினேன். தப்பு என்னுடையது. "குரல் மேல ஏறும்போது டப்பாக்குள்ள போயிடுது" என்று நீ சொன்ன அதே இடத்தில்தான் பெரிய ஸ்பீக்கர் கைவிட, சின்னது பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் பாட்டைப் பங்கு பிரிக்கிற கிராஸ்ஓவரை நான் அரைகுறையாகச் செய்திருந்தேன். அந்தச் சுரத்தை இரண்டும் சேர்ந்து பாடி, ஒன்றையொன்று விழுங்கிவிட்டன.

இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், மைக்கை எப்போதும் சோபாவில் என் காது உயரத்தில் வைத்தே ஒலியை அளந்தேன். அங்கே ஒரு குறையும் இல்லை. நேற்று சமையல் மேடைப் பக்கம், நீ நிற்கிற உயரத்தில் வைத்தேன். கணினி வரைந்த ஒலிக் கோட்டில் அந்தச் சுரத்தில் இவ்வளவு பெரிய பள்ளம்!

கிராஸ்ஓவரில் நல்ல கம்பிச்சுருளும் நல்ல கெபாசிட்டரும் போட்டு, இரண்டும் கலக்கிற இடத்தைக் குறுக்கிவிட்டேன். இனி எங்கே நின்றாலும் குரல் முழுசாக வரும். பந்தயம் கட்டுகிறேன்.

ஆர்ஹுஸ் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் வந்துவிடுவேன்.

ஈவர்

பி.கு. சைக்கிள் சாவி ஸ்பீக்கர் மேலே.

இன்னொன்று. கல்யாணமான இந்தப் பதினோரு வருஷமாக நான் உட்கார்ந்து கேட்ட பாட்டையெல்லாம் நீ நின்றுகொண்டே கேட்டிருக்கிறாய். மைக்கை அங்கே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாத்திரத்தைத் தொடாதே, சோபாவில் உட்கார். நின்றால் எப்படிக் கேட்கிறது என்று நான் வந்து கழுவும்போது பார்த்துக்கொள்கிறேன்.