பக்கத்து வீட்டுப் பூட்டு

1969 நவம்பர் 11, செவ்வாய்

பக்கத்து வீட்டு மாணிக்கம் வேலைக்குப் போகும்போது மனைவி சரோஜாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். இன்று மத்தியானம் அவள் சன்னல் வழியாகக் கத்தினாள்.

"அக்கா, கொழந்தைக்கு ஒடம்பு கொதிக்குது. கண்ணு சொருவிக்கினு போவுது. எப்படியாவது தொறந்து வுடுக்கா!"

பழைய பூட்டு ஒன்றைக் கொண்டை ஊசியால் திறந்து பழகுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு அது வெறும் பொழுதுபோக்கு. சில தடவை திறக்கும், பல தடவை திறக்காது. அவர்கள் வீட்டுப் பூட்டும் சின்னதுதான். ஆனாலும் முதல் ஊசி வளைந்துவிட்டது. உள்ளே குழந்தையின் அழுகை நின்றுபோனது. அடுத்த ஊசியில் ஏதோ நகர்ந்து, பூட்டு திறந்துகொண்டது.

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்து கொடுத்த பிறகு குழந்தை கண் விழித்தது.

திரும்பி வந்ததும் சரோஜா உள்ளே போய் நின்றுகொண்டாள். "பூட்டிடுக்கா. அவரு வர்ற நேரம்."

"வேணாம்மா. எங்க வூட்டுக்கு வந்துடு."

"பூட்டுக்கா!"

நானே அழுத்திப் பூட்டினேன்.

மாணிக்கம் வந்துவிட்டான். பூட்டைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. மருந்து பாட்டிலை அவள் எங்கே ஒளித்தாளோ. இது அடுத்த வேளை மருந்துக்கான நேரம். சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன். ஒரு சத்தமும் இல்லை.