இரண்டு டிஸ்க் பெட்டியும் ஒரு தவளையும்

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. எனக்கு இன்று ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி.

பெருக்கும்போது என் கால் வயரில் சிக்கி உங்கள் ஹார்ட் டிஸ்க் விழுந்ததிலிருந்து, நீங்கள் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. மூன்று வருஷம் குளம் குளமாக அலைந்து பதிவு செய்த தவளைக் குரல்கள் எல்லாம் அதோடு போய்விட்டன, கோபம் வராதா? அதனால் நேற்று நானே கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

நீங்கள் பார்த்து வைத்த, நாலு டிஸ்க் போடுகிற பெட்டி மலிவுதான். ஆனால் அதில் ஒரு டிஸ்க் போனால் அதிலிருப்பதும் போச்சு. அதே விலையில் இரண்டு டிஸ்க் பெட்டி ஒன்று இருந்தது. எதைப் போட்டாலும் இரண்டிலும் எழுதிக்கொள்ளுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எப்போதோ என் போனுக்கு நீங்கள் அனுப்பிய தவளையை அதில் ஏற்றி ஓடவிட்டு, "இப்ப ஒரு டிஸ்க்கை உருவுங்க" என்றேன்.

"இப்படி யாரும் கேட்டதில்லையேம்மா" என்றபடியே கடைக்காரர் உருவினார். தவளை பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நாலு மணிக்குக் கொண்டுவருவார்கள், வீட்டில் இருங்கள். பிடிக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் திருப்பிவிடலாம்.

பி.கு: காலி டிஸ்க்குகளை மட்டும் போடுங்கள். முதலில் உள்ளே இருப்பதை அழித்துவிடுமாம்.

இன்னொன்று: அந்தத் தவளை நடுவில் திடீரென்று நிறுத்தி, வேறு மாதிரி கத்துகிறதே, ஏன்? இன்னொன்றுக்குப் பதில் சொல்கிறதா? இத்தனை வருஷத்தில் உங்களிடம் கேட்கவே தோன்றவில்லை. ஆறு மணிக்கு வந்துவிடுவேன். சொல்லுங்கள்.