முப்பத்தொரு கிராம் வெளிச்சம்

ஜூன் 3, செவ்வாய்

டார்ச் செத்தது. தோப்புக் காவல் கருத்தையா காலையில் கொண்டுவந்து மேஜையில் வைத்து, சார்ஜ் ஏறவில்லை என்றார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு லித்தியம் செல். இரண்டு வருடம் உழைத்திருக்கிறது. என்னைவிட அதிகம்.

என் தோப்பு ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் போகும் வழியில், மலையடிவாரத்தில். மாம்பழக் காலம், யானை இறங்குகிறது. மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வருவதோ விடிவதற்கு முன். அந்த நேரத்தில் கருத்தையா இருநூறு மீட்டர் வரப்பில் நடந்து மோட்டார் ரூமுக்குப் போக வேண்டும். யானையும் கறுப்பு, இருட்டும் கறுப்பு. விஷயத்தின் அவசரத்தை உணர்ந்து உடனடி நடவடிக்கை எடுத்தேன் — செல்லை மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

மூன்றாம் நாள் வெயில். சின்ன வயதில் டார்ச் பேட்டரிக் கட்டையெல்லாம் இப்படித்தானே உயிர்பிழைக்கும்? மோர்மிளகாய்த் தட்டில் செல் கிடப்பதைப் பார்த்த வெங்கடேஸ்வரி, "ஏங்க, சாயங்காலம் இதையும் சேத்து வறுத்திரவா?" என்று கேட்டாள். கட்டிய மனைவி என்றால் இப்படித்தான் ஆதரவாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். கொஞ்சநஞ்சம் இருந்த உயிரும் போய்விட்டது. கருத்தையாவிடம் கம்பெனி சரியில்லை என்று சொல்லிவிட்டேன். வெயில் சமாச்சாரம் எனக்கும் இந்த நோட்டுக்கும் மட்டும்.

ஜூன் 6, வெள்ளி

கடையில் ஒரு செல் நானூற்றுச் சொச்சம். அதில் சக்தி என்று எழுதியிருப்பது வெறும் மூவாயிரம் எம்.ஏ.எச். போனில் தேடினால் இரண்டு செல் நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், ஒவ்வொன்றிலும் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்! நான் பி.காம். கணக்கில் என்னை ஏமாற்ற முடியுமா? ஆர்டர் போட்டாச்சு.

பக்கத்துத் தோப்பு ஜெயபாண்டி விலை கூடியதாக இரண்டு டார்ச் வாங்கியிருக்கிறாராம். பணம் இருந்தால் புத்தி எதற்கு.

ஜூன் 10, செவ்வாய்

செல் வந்தது. ஊதா நிறம், தங்க எழுத்து. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

கருத்தையா வந்தார். "போகையில வெளிச்சம் இருந்துச்சு அண்ணாச்சி. திரும்பி வாரப்ப இல்ல" என்றார். இருபது நிமிடம்கூடச் சார்ஜ் நிற்கவில்லையாம். சும்மா சும்மா போட்டு அணைக்கக்கூடாது என்று அவருக்கு அறிவுரை சொன்னேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 14, சனி

வெங்கடேஸ்வரி விரட்டியதில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அவளுடைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியைச் சரிசெய்த ஜெபக்குமார் அங்கே கடை வைத்திருக்கிறார். ஊதாச் செல்லை உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடித்தார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர் களை.

இந்த சைஸில் மிஞ்சிப்போனால் நாலாயிரம்தான், அதற்கு மேல் எழுதியிருந்தால் எழுதினவன் கற்பனை என்றார். நல்ல செல் நாற்பத்தைந்து கிராமாவது இருக்குமாம். சந்தேகம் என்றால் பக்கத்துப் பால்கோவாக் கடையில் நிறுத்துப் பார்க்கச் சொன்னார். போனேன். அந்தக் கடைக்கார அம்மா தராசில் தாளை விரித்து, பயபக்தியோடு செல்லை வைத்தார். முப்பத்தொரு கிராம். "இதுல எம்புட்டு போடணும்?" என்றார். வெட்கத்துக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கினேன்.

வெயிலில் காயப்போட்டதை ஜெபக்குமாரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வெடிக்காமல் விட்டதற்குச் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார். பிறகு கேட்டார், எதற்கு டார்ச் என்று. சொன்னேன்.

"யானை வார எடம்னா புதுசு வாங்குங்க அண்ணாச்சி. மதுரையில இருந்து எடுத்து முந்நூத்தம்பதுக்குத் தாரேன். பழைய பேட்டரியில கழட்டினது எம்பது ரூவாதான், ஆனா அது எப்ப நிக்கும்னு அதுக்கே தெரியாது."

பழசிலேயே நல்ல பழசாக ஒன்று கொடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

எம்பது ரூபாய்ச் செல்லைக் கருத்தையா டார்ச்சில் போட்டுக் கொடுத்தேன். தெருவில் நாலு பேருக்குச் செல்லின் எடை பற்றிச் சொற்பொழிவு. அறிஞராகிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

எழுத வரவில்லை. எழுதணும்.

விடிகாலை நாலு மணிக்குக் கருத்தையா மோட்டார் போடப் போயிருக்கிறார். பாதி வரப்பில் வெளிச்சம் நின்றுவிட்டது. மங்கக்கூட இல்லை — பட்டென்று நின்றிருக்கிறது. அதே நேரம் எதிரே மாங்கொப்பு முறிகிற சத்தம். அவர் சத்தம் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, வாய்க்காலில் விழுந்து, கணுக்கால் உடைந்து, அப்படியே தண்ணீருக்குள் கிடந்திருக்கிறார். விடிகிற வரைக்கும். முனங்கக்கூட இல்லையாம். யானைக்குக் கேட்டுருமே.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் சாத்துக்குடி. எம்பது ரூவாச் செல்லு வாங்கிக் கொடுத்தவன் சாத்துக்குடியோட வந்து நிக்கேன். அவர் ஏசியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார்:

"அண்ணாச்சி, அந்த லைட்ட வச்சிக்கிட்டு நீங்க ஒருநா அந்த வரப்புல நடந்து பாத்தியளா?"

ஜூன் 20, வெள்ளி

இல்லை.

ஜூன் 23, திங்கள்

ஜெபக்குமாரிடம் புதுச் செல் இரண்டு வாங்கினேன். பேரம் பேசவில்லை. ஒன்று டார்ச்சில் இருக்கட்டும், ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும் என்றார். கருத்தையா எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. ராஜபாளையத்துச் செய்தி பஸ்ஸுக்கு முந்தியே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கருத்தையா கட்டுப் பிரித்துவிட்டார். வீடு தேடி வந்து, கோபித்துக்கொள்ளக் கூடாது, ஜெயபாண்டி தோப்புக்குப் போகிறேன் என்றார். புது டார்ச்சை எடுத்து நீட்டினேன். "அங்க இருக்கு அண்ணாச்சி" என்றார். வெங்கடேஸ்வரி அவருக்குக் காப்பி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

வேறு ஆள் கேட்டு நாலு இடத்தில் சொல்லிவைத்தேன். என் தோப்பு என்றதும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாலரைக்குக் கரண்ட் வந்தது. பி.காம். பட்டதாரி கைலியை மடித்துக்கட்டி, சட்டைப்பையில் ஒரு செல்லுடன் வரப்பில் இறங்கினார். டார்ச் நன்றாகத்தான் எரிந்தது. நான்தான் யானையைத் தேடி அதைத் தென்னை உச்சிக்கும் என் பாதத்துக்குமாக அடித்துக்கொண்டே போனேன்.

பாதி வழியில் வேலிக்கு அந்தப் பக்கம், ஜெயபாண்டி தோப்பிலிருந்து இன்னொரு வெளிச்சம் வந்து என் காலுக்கு முன்னால் விழுந்தது. லேசாகக் காலை இழுத்து நடக்கிற சத்தமும் கூடவே கேட்டது. மோட்டார் ரூம் கதவை நான் திறக்கும் வரை அந்த வெளிச்சம் ஓர் அடி முன்னாலேயே போனது.