ஏழாம் வகுப்பு நோட்டுகளில் பெய்த மழை

சார்,

இன்று பங்குனி வெயிலுக்கு நடுவே சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது. பத்து நிமிடம்தான். தெருப்புழுதி நனைந்த வாசம் மூக்கில் ஏறியதும், யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது. இதைச் சொன்னால் உங்களுக்கு மட்டும்தான் சிரிப்பு வரும். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன மாதம் ஏரலிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். வேறு யாரையோ சொல்கிறார் என்று நான் இரண்டு தடவை அடையாளம் கேட்டேன். என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

எழுபதுகளில் நீங்கள் தினமும் ஏரல் பஸ்ஸில் தூத்துக்குடிக்கு வந்து எங்கள் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தீர்கள். வந்த முதல் நாளே உங்களைச் சந்தேகப்பட்டேன். உங்கள் ஏழாம் வகுப்புக்கும் என் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் ஓலைத் தட்டிதான். மற்றவர்கள் கட்டுரைப் பாடத்தில் பசுவையும் பொங்கலையும் பலகையில் எழுதிப் போடுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதும். நீங்களோ கதை எழுதச் சொன்னீர்கள். யார்? அவருக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே வந்தது? கடைசியில் என்ன ஆயிற்று? இந்த நான்கு கேள்விகள்தான் பலகையில் இருக்கும்.

"ஏரல்ல ஏறி தூத்துக்குடில எறங்குனா அது வெறும் பயணம். நடுவழில பஸ்சு நின்னாத்தாம்லே கதை" என்றீர்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம், அவரவர் வீட்டில் கண்ணால் பார்த்ததை எழுதி வரச் சொன்னீர்கள். நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அப்போது எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கொழும்புக்குத் தோணியில் போய்வருகிறவர்கள். திரும்பும்போது கிராம்பு, சோப்பு, துணி என்று ஏதாவது கணக்கில் வராமல் கூடவே வரும். என் அண்ணனும் அப்படித்தான் எனக்கு ஒரு நைலக்ஸ் சேலை கொண்டுவந்திருந்தார். ஊதா நிறம், ஓரத்தில் வெள்ளைப் பூ. அந்த நேரம் பார்த்து இரண்டு வீடுகளில் கஸ்டம்ஸ்காரர்கள் வந்து சோதனை போட்டார்கள். யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்று தெருவே முணுமுணுத்தது. சேலை விஷயம் வெளியே தெரிந்தால் என் டீச்சர் வேலை போய்விடும். பெட்டிக்கு அடியில் அதைத் திணித்து வைத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

உங்கள் நான்கு கேள்விகளையும் போலீஸ் கேட்கிற கேள்விகளாகவே என் மனசு மாற்றிப்போட்டது. சனிக்கிழமை நீங்கள் நோட்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்தேன். அண்ணன் மகள் ரோசி உங்கள் வகுப்பு. திங்கட்கிழமை அவள் நோட்டைப் புரட்டினால் ஒரு தாள் அடியோடு கிழிந்திருந்தது. காட்டிக்கொடுப்பது நீங்கள்தானோ என்று அண்ணியிடம் ஒரு வார்த்தைதான் சொன்னேன். மறுநாள் காலையில் ஏழெட்டுத் தகப்பன்மார் தலைமையாசிரியர் அறைக்குள் நின்றார்கள்.

நீங்கள் நோட்டுகளை அடுக்கி மேசையில் வைத்தீர்கள். தலைமையாசிரியர் ஒவ்வொன்றாக வாசித்தார். தோணி வந்தது, மழை பிடித்தது, அப்பா நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். மாமா வந்தார், மழை பிடித்தது. எந்த நோட்டை எடுத்தாலும் நடுவில் மழை. வகுப்பு முழுக்க ஒரே மழையா, இதுதான் நீங்கள் கதை சொல்லிக்கொடுக்கிற லட்சணமா என்று எல்லார் முன்னாலும் அவர் கேட்டார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, இனிமேல் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றீர்கள். வந்தவர்கள் நிம்மதியாகக் கலைந்து போனார்கள்.

எனக்கு நிம்மதி வரவில்லை. ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் தூறுகிற ஊரில் இத்தனை வீட்டிலும் எப்படி மழை பெய்தது? சாயங்காலம் ரோசியைப் பிடித்துக் கேட்டேன்.

"மொதல்ல அப்பா ஒங்களுக்குக் கொண்டாந்த ஊதாச் சேலையத்தான் எழுதுனேன் அத்தை. சார் அந்தத் தாளக் கிழிச்சு எங்கையிலயே குடுத்து அடுப்புல போடச் சொன்னாவ. நடுவுல மழையப் போடுளா, அதுவும் குறுக்க வாரதுதானேன்னாவ."

எந்தப் பிள்ளை நோட்டில் ஆபத்து இருந்ததோ அந்தத் தாளெல்லாம் அப்படித்தான் அடுப்புக்குப் போயிருக்கிறது. ஒருவருக்குச் செய்தால் கண்ணில் படும் என்று மழையை மட்டும் எல்லாருக்கும் பொதுவாகப் பெய்ய வைத்திருக்கிறீர்கள். தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் மானம் தப்பியிருக்கும், என் வேலை போயிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது சார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கதை சொல்லித்தரத் தெரியாத வாத்தியார் என்ற பெயரோடு நீங்கள் வருஷக் கடைசியில் ஏரல் பக்கம் மாற்றல் வாங்கினீர்கள்.

கடைசி நாள் நான் அந்த ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். சந்தேகக்காரிக்கு மன்னிப்புக் கேட்பதுகூட நேராக வராது. நீங்கள் பையோடு வராந்தாவில் நின்றீர்கள். சேலையைப் பார்த்தீர்கள். பிறகு ஒரு பொட்டு மேகமில்லாத வானத்தைப் பார்த்தீர்கள்.

"மழ வரும் போல இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள்.

அது மன்னிப்பா, குத்தலா என்று இன்றுவரை சந்தேகம்தான். கேட்டுவிட ஏரலுக்கு ஒரு மணி நேரம் பஸ். நான் போகவே இல்லை.

உங்களுக்குப் பிறகு ஏழாம் வகுப்புக் கட்டுரை என் தலையில் விழுந்தது. ஓய்வு பெறும்வரை உங்கள் நான்கு கேள்விகளைத்தான் பலகையில் எழுதினேன். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள், எந்த அப்பா எழுதிக்கொடுத்தார் என்று ஒவ்வொரு வரியையும் துருவித் துருவிக் கேட்பேன், பிள்ளைகள் நடுங்கும். கதை நடுவில் மழை பெய்திருந்தால் மட்டும் ஒன்றும் கேட்காமல், மதிப்பெண் போட்டு நோட்டை மூடிக் கொடுத்துவிடுவேன்.